பிள்ளையோடு கடல் கடந்து விடுதி நடத்த
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணவனை இழந்தோ பிரிந்தோ பிள்ளையைத் தனியே வளர்க்கும் தாயொருத்தி, அப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அந்நிய நாடு சென்று தங்கும் விடுதியொன்று தொடங்க விரும்பினால், நாம் என்ன சொல்வோம்? "பெண்பிள்ளைக்கு ஏனிந்த வேலை?" என்பதே நம்மிற் பலரின் முதற் பேச்சாயிருக்கும்.

மாத்தளையிலிருந்து நாம் அப்படிப் பேசுதல் பொருந்தாது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலே நம் முன்னோர் பலர் தோணியிற் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, வன்னிக் காட்டினூடே தம்புள்ளை வழியாகக் கால்நடையாகவே இவ்வூர் சேர்ந்தனர். கோப்பித் தோட்டங்கள் அவர்களை அழைத்தன. அக்கூட்டங்களிற் பிள்ளைகளோடு வந்த பெண்களும் இருந்தனர். வழியிற் குடிக்க நல்ல நீரில்லை. ஒதுங்க நல்ல கூரையில்லை. வாந்திபேதியால் மாண்டவர் பலர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880-ம் ஆண்டில். தலைமன்னார்ப் பாதையோ 1914-ம் ஆண்டிலேதான் திறந்தது. ஒருவேளைச் சோற்றுக்கும் ஓரிரவுத் தங்கலுக்கும் உள்ள பெறுமதியை நம் குடும்பங்களை விட அறிந்தவர் யார்? விடுதித் தொழிலை இழிவாக எண்ண நமக்கு உரிமையில்லை.

ஆனாற் துணிவு மட்டும் போதாது. வேலைக்குப் போதல் வேறு. தொழில் தொடங்கப் போதல் வேறு. 1985-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வேலைக்குச் செல்வோருக்கானது. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவரின் வீசா எசமானரைச் சார்ந்தது. அதைக் கொண்டு விடுதி திறக்க முடியாது. பிள்ளையைக் கூட்டிச் செல்லவும் பெரும்பாலும் இடமில்லை. "போனபின் மாற்றிக்கொள்ளலாம்" என்னும் தரகரை வாசற்படியிலேயே நிறுத்துங்கள். பிள்ளையின் கடவுச்சீட்டுக்குத் தந்தையின் சம்மதம் கேட்பார்கள். அவர் இறந்திருந்தால் மரண அத்தாட்சிப் பத்திரம், பிரிந்திருந்தால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். இவை கைக்கு வருமுன் நகையை அடகு வைத்தல் ஆகாது.

இன்னொன்று. நள்ளிரவில் விருந்தினர் கதவைத் தட்டும்போது பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் யார் எழுவது? இத்தொழிலை முதலில் இங்கேயே பழகிப் பார்ப்பது நன்று. உலக மரபுரிமைத் தலங்களான சீகிரியாவும் தம்புள்ளையும் நம் மாவட்டத்திலேயே உள்ளன. அங்கெல்லாம் வீட்டறைகளையே விருந்தினருக்குக் கொடுத்துப் பிழைப்போர் இருக்கின்றனர். வெளிநாட்டிற் பணிபுரிந்து மீண்ட ஏனா டி சில்வா அம்மையார் (1922–2015) அலுவிகாரையில் ஊர்ப் பெண்களைக் கொண்டு பத்திக் கைப்பணி வளர்த்ததோடு, வந்தவர்க்கு விருந்தும் சமைத்தளித்தார். அவர் வசதியான குடும்பத்தவர் என்பது உண்மையே. சமையற்கட்டு எல்லார்க்கும் ஒன்றுதான்.

பழகிய பின்னும் போகவே வேண்டுமென்றால், அவள் போகட்டும். பெரியோர்கள் புறம்பேசாது, பத்திரங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஆங்கிலப் படிவங்களை வாசித்து விளக்க வாலிபர் இருவர் முன்வந்தால், சங்க மண்டபத்தில் ஞாயிறு தோறும் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பெயர் தருவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காணுங்கள்.