பிள்ளைகளின் இரவு வேலை

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் விளக்கமாகக் கூறிவிட்டார்கள். நான் நம் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

விடியுமுன் நாம் பெரட்டுக்குப் போகிறோம். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். புறப்படும்போது பிள்ளை போர்வைக்குள் கிடக்கிறான். நன்றாகத் தூங்குகிறான் என்று எண்ணிக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். அதுவரை அவன் கைத்தொலைபேசியில் விளையாடிவிட்டு, சற்று முன்தான் கண்ணை மூடினான் என்பது நமக்குத் தெரிவதில்லை. வகுப்பில் அவன் மேசைமேல் தலை சாய்க்கிறான். ஆசிரியர் சோம்பேறி என்கிறார். புள்ளி குறைந்தால் நாம் பிரம்பை எடுக்கிறோம். நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்றா?

6 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டுமென்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். தூக்கம் கெட்டால் கவனம் சிதறும், கோபம் மிகும், படித்தது மனத்தில் நில்லாது.

விளையாட்டே கூடாதென்று நான் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் மின்விளையாட்டுக் கோளாறும் இருக்கிறது. ஆனால் விளையாடும் பிள்ளைகள் எல்லாம் நோயாளிகள் அல்லர். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, மற்ற அனைத்தையும்விட அதையே பெரிதாகக் கருதுதல், கேடு கண்ட பிறகும் விடாமை, இவை பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அது நோய். அந்த நிலை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

பந்தாட்டத்திற்கு முடிவுண்டு, இருட்டினால் வீடு திரும்புவோம். இதற்கு முடிவே இல்லை. நாள் தவறாமல் வந்தால் பரிசு. ஒரு நாள் தவறினால் பரிசு போயிற்று. நடுவில் விட்டால் கூட்டாளிகளின் ஏச்சு. அலங்கார உடைக்குக் காசு. அதிர்ஷ்டப் பெட்டிக்குக் காசு. அப்படிக் காசுக்கு விற்கும் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜிய நாடு 2018-இல் தீர்மானித்தது. நாள் தவறாமல் வேலைக்குப் போனால் நமக்குக் கூலி கிடைக்கிறது. இங்கேயோ, நாள் தவறாமல் வரும் பிள்ளையிடமிருந்தே கம்பெனி பணம் வாங்குகிறது!

நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் வேலைச் சட்டம் இருக்கிறது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளையை இரவு 8 மணி முதல் காலை 7 மணி வரை வேலை வாங்கலாகாது என்பது அதன் பொது விதி. கூலி கொடுத்து வாங்கும் வேலைக்கே இந்தத் தடை என்றால், கூலியில்லாத இந்த இரவு வேலைக்கு நம் வீட்டில் நாமே இடம் கொடுக்கலாமா?

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடத்திற்காகக் கடன்பட்டும் தொலைபேசி வாங்கிக் கொடுத்தோம். பாடம் பள்ளிக்குத் திரும்பிவிட்டது. தொலைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

அதை வெடுக்கென்று பிடுங்குமுன் ஒன்றை விசாரியுங்கள். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைக்கு மலாய்மொழிப் பாடம் விளங்காமலிருக்கலாம். யாராவது கேலி செய்யலாம், அடிக்கவும் செய்யலாம். வகுப்பில் வாய் திறவாதவன் விளையாட்டில் தலைவனாயிருப்பான். அவனுக்கு மதிப்புக் கிடைக்கும் ஓரிடம் அதுதான். பள்ளிக் குறையைத் தீர்க்காமல் தொலைபேசியை மட்டும் பறித்தால் அவன் மனம் ஒடிந்து போவான்.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்வோம். இரவு 9 மணிக்கு வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளையும், நம்முடையது உட்பட, தாயின் தலைமாட்டில் வைப்போம். பள்ளிக்குப் போய் ஆசிரியரைக் கண்டு பேசுவோம். மலாய் நன்கறிந்த கிராணிமார்கள் துணைக்கு வருவதோடு, வாரத்தில் இரண்டு மாலை பாடமும் சொல்லிக் கொடுக்க வேண்டும். திடலைச் செப்பனிட்டு விளக்குப் போடும்படி நிர்வாகத்திடம் இக்கிளை கோரிக்கை வைக்க வேண்டும். விளையாட வேறிடம் இல்லாத பிள்ளையிடம் விளையாடாதே என்பது நியாயமாகாது.

தோழர்களே! வேலை நேரத்திற்கு வரம்பும் வார ஓய்வும் நமக்குத் தானாக வந்துவிடவில்லை. சங்கமாகக் கூடிக் கேட்டோம். நம் பிள்ளைகளின் தூக்கத்திற்காகவும் அவ்வாறே ஒன்றுபடுவோம்.