சிறு வியாபாரமும் இணையத்தளமும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொழும்புத்துறையில் வீட்டிலிருந்தபடியே மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் செய்து விற்கும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். அதன் வாடிக்கையாளர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றனர். அவர்கள் வந்து நமது படலையைத் தட்டப் போவதில்லை. கைத்தொலைபேசியில் இணையத்தளத்தைத் திறந்தே பார்ப்பர். அதுவே அவர்களுக்குக் கடைவாசல். அவ்வாசலில் வரவு குறைந்ததும், “பழையதை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்வோம்” என்ற யோசனை எழுகின்றது. அதற்காக நகையை அடைவு வைக்கவும் சிலர் துணிவர். அவ்வாறு துணியுமுன் குறைந்த செலவிற் செய்யத்தக்கவை பல உள. அவற்றையே இன்று எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம்.

நமது வளவு வேலியை நோக்குங்கள். உக்கிய கிடுகை நீக்கிப் புதுக் கிடுகு வைத்துக் கட்டுகின்றோம். வேர்கொண்ட கதியாலை எவரும் பிடுங்குவதில்லை. இணையத்தளத்திலும் வேர்கொண்டவை உண்டு. பக்கங்களின் முகவரிகளைக் கூகிள் அறிந்து வைத்திருக்கின்றது. உறவினர் ஒருவருக்கொருவர் வட்ஸ்அப்பில் அனுப்பியும் இருப்பர். முகவரியை மாற்றினால் அவ்வழிகள் யாவும் அடைபட்டுப்போகும். மாற்றியே ஆகவேண்டுமெனில், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்குத் தானாகவே அனுப்பும் ஏற்பாட்டை அன்றே செய்தல் வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டதுண்டு. இங்கிலாந்தின் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் 2014 பெப்ரவரியில் ஏறத்தாழ 15 கோடி பவுண் செலவிற் புதுத் தளம் ஒன்றைத் திறந்தது. பழைய வாடிக்கையாளர் மீண்டும் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூன் இறுதியில் முடிந்த காலாண்டில் அதன் இணைய விற்பனை நூற்றுக்கு 8 வீதமளவிற் குறைந்தது. அந்நட்டத்தைத் தாங்க அவர்களிடம் முதல் இருந்தது. நகையை அடைவு வைத்தவர் என் செய்வார்?

ஆகவே, வருபவர் எவ்விடத்தில் திரும்பிப் போகின்றார் என்பதை முதலிற் கண்டறிவோம். தளத்தை முன்னர் பாராத ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, “ஒரு கிலோ மிளகாய்த்தூளுக்கு ஓடர் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் வாய் திறவாது இருந்து பாருங்கள். ஐந்து பேரைக்கொண்டு இவ்வாறு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று யக்கோப் நீல்சன் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். ஐந்து பேரைத் தேட நாம் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை.

இனி, நாம் அடிக்கடி காணக்கூடிய குறைகள் சிலவற்றைச் சொல்வோம்.

முதலாவது, என்ன பொருள், என்ன விலை, தபாற்செலவு எவ்வளவு என்பன முதற் பக்கத்திற் காணப்படாமை. தொலைபேசி எண்ணைப் படமாகப் போடுவதும் தவறு. எழுத்தாக இட்டு, விரலால் தொட்டவுடன் அழைப்புப் போகும்படி அமைக்கவேண்டும்.

இரண்டாவது, படங்களின் கனம். கைத்தொலைபேசியில் எடுக்கும் படமொன்று 3, 4 மெகாபைற்று இருக்கும். அதனை 200 கிலோபைற்றுக்குள் சுருக்கினாலும் சிறு திரையில் வேற்றுமை தெரியாது. பக்கமோ விரைவில் திறக்கும்.

மூன்றாவது, எழுத்து. பழைய பாமினி எழுத்துருவில் அமைந்த தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கருவியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். கூகிளும் அதனைத் தமிழென அறியமாட்டாது. யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நமது ஊரின் பெயரை ஆங்கிலத்தில் ‘சி’ எழுத்திலும் ‘கே’ எழுத்திலும் தொடங்கி எழுதுகின்றனர். தேடுவோர் எதனைத் தட்டுவாரென்று யாரறிவார்? இரண்டையும் தமிழ்ப் பெயரோடு ஓரிடத்தில் எழுதிவைத்தல் நன்று.

நான்காவது, பூட்டு. 2018 ஜூலை தொடக்கம் குரோம் உலாவி, மறையாக்கம் இல்லாத தளங்களைப் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டிவருகின்றது. அச்சொல்லைக் கண்டபின் காசு அனுப்ப யார் துணிவார்? அதற்குரிய சான்றிதழை லெற்ஸ் என்கிறிப்ற் என்னும் அமைப்பு இலவசமாக வழங்குகின்றது.

இவற்றை ஒரேநாளில் மாற்றாதீர்கள். ஒன்றைத் திருத்தி, இரண்டு வாரம் பொறுத்து, வந்த ஓடர்களைக் கொப்பியிற் குறித்து, முந்திய இரு வாரங்களோடு ஒப்பிடுங்கள். திருவிழாக் காலத்து விற்பனையைச் சாதாரண நாட்களோடு ஒப்பிட்டு மயங்கவும் வேண்டாம். எது பயன் தந்தது என்பதைக் கொப்பி சொல்லும்.

தளத்தைத் திறக்கும் கடவுச்சொல்லே கையில் இல்லாவிடினும், அதன் அடிப்படை மென்பொருளைப் பராமரிப்பாரே அற்றுப்போயினும் புதிதாக அமைப்பதே முறை. கதியால் உக்கினால் மாற்றத்தானே வேண்டும்! ஆனால் அதனை அசைத்துப் பார்த்த பின்னரே முடிவுசெய்ய வேண்டும்.

இளைஞர்களே! இத்தொழில் நுட்பம் உங்கள் விரல் நுனியில் இருக்கின்றது. எந்தப் பொருளை யார் விரும்பிக் கேட்பார், எக்கேள்வியை முதலிற் கேட்பார் என்பது இங்கு அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கே தெரியும். இம்மாதம் ஒவ்வொருவரும் ஊரிலுள்ள ஒரு வியாபாரியோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, ஒரு குறையையேனும் திருத்திக் கொடுங்கள். வியாபாரிகளும் கடவுச்சொல்லைத் தம் கையில் வைத்துக்கொண்டு, திருத்தும் முறையைக் கேட்டுப் பழகிக்கொள்வார்களாக. கடன்படாமல் ஒரு குடும்பத்தின் தொழில் நிலைக்குமாயின், அந்த ஒரு மாலை வீணாகாது.