சிங்கமலைச் சுரங்கத்தைத் தோண்டியவர்கள்

(யாத்திரை சென்ற தோட்டக் குடும்பங்கள் மத்தியில் நயினாதீவில் ஆற்றிய உரை)



நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டோம். குறிகட்டுவானுக்குப் படகு வரும்வரை, நாம் வந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

கொட்டகலையில் ரயில் ஏறினோம். ஹட்டன் வருமுன் இருட்டியது, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அதுதான் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். நெடுங்காலம் இலங்கை ரயில் பாதையில் இதைவிட நீளமான சுரங்கம் இருக்கவில்லை.

இங்கிலாந்தில் ஃபிரிட்ச்லி என்று ஒரு கிராமம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய வண்டிகளைக் குதிரைகள் தண்டவாளத்தில் இழுத்துப்போக, 1793இல் அங்கே ஒரு சிறு சுரங்கம் வெட்டினார்கள். உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் சுரங்கம் அதுதான் என்கிறார்கள். மண்மூடிக் கிடந்ததை 2013இல் தோண்டிப் பார்த்தார்கள், 2015இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கினார்கள். அதை அமைத்த பொறியியலாளர் பெஞ்சமின் அவுட்ரமின் பெயர் இன்றும் நிற்கிறது.

நம் மலைக்கும் ரயில் வந்தது சரக்குக்காகத்தான். கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டியில் இறக்கிக் கட்டுப்படியாகாமல், 1867இல் கண்டிவரை பாதை போட்டார்கள். 1874இல் நாவலப்பிட்டி. இலைநோயில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா.

மலையை உடைத்து மண் சுமந்தவர்கள் யார்? இதே வடகடலைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து வந்த நம் சனமும் அதில் உண்டு. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதை போடும்போது காய்ச்சலிலும் கொலராவிலும் எத்தனையோ பேர் செத்தார்கள். அதே கடுகண்ணாவையில், கண்டி வீதி அமைத்த கப்டன் டோசனுக்கு 1832இல் கட்டிய கோபுரம் இன்றும் நிற்கிறது. செத்த தொழிலாளிக்கு ஒரு கல் இல்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன என்று நினைக்காதீர்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, அப்பன் இங்கே பிறந்ததற்குக் கடதாசி காட்டு என்றார்கள். சுரங்கம் வெட்டியவனின் பேரனிடம் கடதாசி இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானோம். எஞ்சியவர்களுக்கு உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தோம்.

ஆகவே இரண்டு வேலை. வீட்டிலுள்ள பிறப்பு, இறப்புப் பத்திரங்கள், பழைய சம்பளத் துண்டுகளைப் பத்திரப்படுத்துவோம். தாத்தா, பாட்டி சொல்லும் பெயர்களையும் ஊர்களையும் பிள்ளைகளின் கொப்பியில் எழுத வைப்போம். சிங்கமலைச் சுரங்க வாசலில், அதை வெட்டிய தொழிலாளரை நினைவுகூரும் பலகை ஒன்று மூன்று மொழியிலும் வேண்டுமென்று சங்கத்தின் மூலம் கேட்போம்.

திரும்பிப் போகும்போது சுரங்கம் வரும். பிள்ளைகள் கூச்சல் போடட்டும். வெளிச்சம் வந்ததும், இதை வெட்டியவர்கள் யாரென்று அவர்களுக்குச் சொல்வோம்.