மாணவர் மனச்சோர்வும் உளவளத்துணையும்



உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பேராதனைக்கோ கொழும்புக்கோ செல்லும் பிள்ளையை ஊரே வாழ்த்தி வழியனுப்புகின்றது. ஆறு மாதங் கழித்து விடுமுறைக்கு வரும் அப்பிள்ளையின் முகம் வாடியிருக்கின்றது. உணவில் விருப்பில்லை, விடியுமுன்னரே விழிப்பு வந்துவிடுகின்றது, உயிராய் நேசித்த கிரிக்கெட்டும் கசக்கின்றது. "படிப்புப் பாரம்" என்கிறார் தந்தையார். "கண்ணூறு" என்கிறார் பாட்டியார். பிள்ளையோ, "ஒன்றுமில்லை அம்மா" என்று கதவைச் சாத்திக்கொள்கின்றது.

இந்நிலை நாள்தோறும், பெரும்பொழுதும், இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்குமாயின் அதனை வெறுங் கவலையென ஒதுக்குதல் தகாது. அது மனச்சோர்வு என்னும் நோயாதல் கூடும்; சோம்பலன்று. எட்டு நாடுகளில் 19 உயர்கல்வி நிலையங்களின் முதலாண்டு மாணவரிடையே நிகழ்ந்து, 2018 இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஏறக்குறைய மூவரில் ஒருவரிடம் ஏதேனுமோர் உளநலக் குறைபாட்டின் அறிகுறிகள் காணப்பட்டன. அந்நாடுகளுள் இலங்கை இல்லை; ஆயினும் இளமை எங்கும் இளமைதானே!

துன்புறுவோரிற் பலர் உதவி நாடுவதில்லை. வெட்கம் ஒரு காரணம். மற்றொன்று நமது அமைப்பிலேயே உளது. நம் பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகராய் அமர்பவர் பெரும்பாலும் விரிவுரையாளரே. விடைத்தாள் திருத்தும் கையினரிடம் மனத்தைத் திறந்துகாட்ட எந்த மாணவன் துணிவான்? அவ்வாசிரியர் எத்துணை அன்புடையவராயினும், இவ்விரு பணிகளும் ஒருவரிடமே இருத்தல் நன்றன்று என்பதே என் கருத்து.

உளவளத்துணையைச் சீர்மியம் என்றுங் கூறுவர். அதனைப் புத்திமதி சொல்லுதல் எனப் பலர் மயங்குகின்றனர். புத்திமதி வீட்டிலேயே வேண்டியமட்டும் கிடைக்கின்றதே! அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறையை நோக்குவோம். "ஒரு பாடத்தில் தவறினேன், ஆகவே நான் எதற்கும் உதவாதவன்" என்கிறான் மாணவன். துணையாளர் அதனை மறுத்துரைப்பதில்லை. அவ்வெண்ணத்தைத் தாளில் எழுதச் செய்கிறார். அதற்குச் சான்று யாது, எதிர்ச்சான்று யாது என்று அவனையே தேடச் சொல்கிறார். மறுநாட் காலையிற் குளித்துவிட்டு நூலகம்வரை நடந்து வருதல் போன்ற சிறு செயலொன்றையும் இருவருமாய்க் குறிக்கின்றனர். பல கிழமைகள் இவ்வாறு செல்லும். நோய் கடுமையாயின் மருத்துவர் மருந்துந் தருவார். அங்கே பேசியது, உயிருக்கு ஆபத்து என்ற நிலையிலன்றி, பிறர் செவிக்குச் செல்லலாகாது என்பது இத்தொழிலின் நெறி.

பெற்றோருக்கு ஒன்று. "சாகலாம் போல் இருக்கிறதா?" என்று கேட்க அஞ்சாதீர்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. பெரும்பாலும் பாரமே குறைகின்றது. ஆம் என்று பிள்ளை கூறின் தனியே விடாதீர்கள்; அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். துணையாளரிடம் செல்லும் முதல் நாளிற் பிள்ளை விரும்பினாற் கூடச் செல்லுங்கள். உள்ளே வரவேண்டா என்றால் வெளியே வாங்கில் அமர்ந்திருங்கள். திரும்பி வந்ததும், என்ன பேசினாய் என்று கேளாது, தேநீர் குடிப்போமா என்று கேளுங்கள்.