சுதந்திரம் யாருக்கு?

(ஒத்தக்கடைப் பொதுக்கூட்டச் சொற்பொழிவிலிருந்து)



யானைமலை அடிவாரத்திலே கூடியிருக்கிறோம். 1965-இல் தோன்றிய வேளாண்மைக் கல்லூரி இங்கே. 2004 முதல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இங்கே. கல்லூரிக் கதவு யாருக்குத் திறப்பது என்ற வழக்கைப் பேச இதனினும் ஏற்ற மேடை ஏது?

"கல்விக்கூடம் சுதந்திரமாக இயங்கவேண்டும், இடஒதுக்கீடு அதற்குப் பூட்டிய விலங்கு" என்கிறார்கள் சில கனவான்கள். சுதந்திரம்! இனிய சொல், யாருக்குக் கசக்கும்? ஆனால், யாருடைய சுதந்திரம் என்று கேட்கவேண்டாமா?

ஏட்டைப் புரட்டுங்கள். சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை 14 இடங்களைப் பங்கிட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறித்தவர், ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. எல்லாருக்கும் பந்தியிலே இலை போட்டிருந்தது! அது பொறுக்கவில்லை சிலருக்கு. 1950-இல் வழக்கு வந்தது, ஆணை வீழ்ந்தது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மருத்துவக் கல்லூரியிலே உரிமை போயிற்று என்று வழக்காடிய செண்பகம் துரைராசன், அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டதில்லை! பெரியார் முழங்கினார், தமிழகம் கொதித்தெழுந்தது, அவ்வாண்டு ஜூனிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

அது பழங்கதை என்பீர்களானால், 2015-க்கு வாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலே அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் நடத்தினர் மாணவர்கள். டெல்லிக்குப் பறந்தது ஒரு மொட்டைக் கடிதம். மே மாதத்திலே பறிபோயிற்று அங்கீகாரம்! நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே, ஜூனில் அது திரும்பிற்று. அம்பேத்கரைப் படித்த பிள்ளைகளுக்கு அன்று எங்கே போயிற்று கல்விச் சுதந்திரம்?

2020-இல் மத்திய அரசு அமைத்த குழுவொன்று என்ன சொல்லிற்று? ஐ.ஐ.டி. ஆசிரியர் பணிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது! மாணவன் வாய்திறந்தால் கட்டுப்பாடு. மேலிடத்தார் கதவடைத்தால் சுதந்திரம்! நன்றாயிருக்கிறது நியாயம்!

தோழர்களே! இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர் வாயை அடைக்க நாம் சொல்லவில்லை. பேசட்டும், தாராளமாக! ஆனால், அவர் பேசும் மண்டபத்திலே, மறுமொழி கூற உழவன் மகனும் இருக்கவேண்டும். துப்புரவுத் தொழிலாளி மகளும் இருக்கவேண்டும். ஒருவரே பேசி, அவரே கேட்டு, அவரே தீர்ப்பெழுதினால் அதற்குப் பெயர் விவாதமா?

கருத்துரைக்க உரிமை கேட்போம். உரைப்பதற்கு உள்ளே இடமும் கேட்போம். ஒன்றை விட்டு மற்றொன்று நில்லாது.