கூலியும் சாமியும்



"கூலி" என்பது நமது பாஷையில் ஒரு குற்றமற்ற வார்த்தை. பாடுபட்டதற்குக் கிடைக்கும் ஊதியம் என்பதே அதன் அர்த்தம். "சாமி" என்பதோ கடவுளுக்கும் எஜமானனுக்கும் சொல்லப்படுவது. இவ்விரண்டு வார்த்தைகளும் கடல் தாண்டிப் போய் என்ன கதியடைந்தன என்பதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

1860-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" என்னும் கப்பல் தென் ஆப்பிரிக்காவில் நேட்டாலைச் சேர்ந்த டர்பன் துறைமுகத்தை அடைந்தது. வெள்ளையரின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் பிடித்த ஆட்கள் அதில் இருந்தார்கள். 1911 வரை இப்படிப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களை வெள்ளையர் "கூலி" என்றழைத்தார்கள். கூலிக்கு வேலை செய்தவர்கள்தானே என்று வைத்துக் கொள்வோம். ஆனால் சொந்தச் செலவில் கடை வைக்கப் போன குஜராத்தியும் "கூலி வியாபாரி" ஆனான். 1893-ல் வழக்குக்காகப் போன காந்தியாரும் "கூலி பாரிஸ்டர்" ஆனார். இதன் அர்த்தமென்ன? வார்த்தை தொழிலை விட்டுத் தோலின் மேல் ஏறிக் கொண்டது என்பதே.

அந்த இங்கிலீஷ் வார்த்தை நமது கூலியிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி என்ற வகுப்பாரின் பெயரிலிருந்து போனதா என்று பண்டிதர்கள் சண்டையிடட்டும். எங்கிருந்து போனாலும் சூடு விழுந்தது நம் மக்களின் முதுகில்தான்.

"சாமி"யின் கதை இன்னும் வேடிக்கை. ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்துக் கொண்டு, வெள்ளையன் எந்த இந்தியனையும் "ஏ சாமி" என்றான். கடவுள் பெயரை வைத்துக் கொண்டால் மோட்சம் கிடைக்குமென்கிறார்களே, அந்தப் பெயர் ஒரு உதையைக் கூடத் தடுக்கவில்லை!

சில முஸ்லிம் வியாபாரிகள் தங்களை "அரபியர்" என்றும், பார்சிகள் தங்களைப் "பாரசீகர்" என்றும் சொல்லித் தப்பப் பார்த்ததாகக் காந்தியாரே எழுதியிருக்கிறார். பலித்ததா? டிரான்ஸ்வாலில் 1885-ம் வருஷத்து 3-வது சட்டம் கூலிகளையும் அரபியரையும் ஒரே வரியில் சேர்த்தெழுதி, இருவருக்கும் குடியுரிமை இல்லையென்றது. "நான் கூலியல்ல" என்று சொல்வது, "அவன் கூலிதான்" என்று ஒப்புக் கொள்வதல்லவா?

ஆகவே தோழர்களே, விஷம் வார்த்தையில் இல்லை. சொல்லுகிறவன் கையிலுள்ள சாட்டையிலும், அவன் பின்னாலுள்ள சட்டத்திலுமே இருக்கிறது. 1994-ல் அந்நாட்டில் எல்லா நிறத்தாருக்கும் ஓட்டு வந்தது. அந்தச் சட்டங்களும் ஒழிந்தன.

நம் ஊரிலோ? "டேய்" என்பது சிநேகிதருக்குள் செல்லமான வார்த்தை. அதையே மிராசுதார் வீட்டுச் சிறுவன் சேரியிலுள்ள அறுபது வயதுக் கிழவரைப் பார்த்துச் சொன்னால் என்ன பெயர்? வெள்ளையன் சொன்னால் நிறத்திமிர், நாம் சொன்னால் வழக்கமா?

நாளைக் காலையில் உங்கள் வயலுக்கு வரும் பெரியவரை "வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள். நாக்குக் கூசினால், கூசுவது நாக்கல்ல, உள்ளேயிருக்கும் ஜாதி. "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கூலியில் பிடித்துக் கொள்ளாதீர்கள். மரியாதையையும் கொடுங்கள், கூலியையும் முழுசாகக் கொடுங்கள். அப்போதுதான் "கூலி" என்ற வார்த்தை மறுபடியும் மானமுள்ள வார்த்தையாகும்.