சாயங்கால அக்கா

புதுப்பட்டினத்தில் டியூஷன் என்று வாயெடுத்தால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்றுதான் பேச்சு போகும். பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறதே, ஆசை பெரிதாகத்தானே இருக்கும்! மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கவும் கழிக்கவும் சொல்லித் தருகிற அக்காவை யார் பெரிதாக நினைக்கிறார்கள்? இன்றைக்கு அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. நடுவில் படிக்க வேண்டியதை யார் சொல்லிக்கொடுப்பது?

அதற்காகத்தான் 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற தமிழக அரசின் திட்டம் தொடங்கியது. தொடங்கிய இடம் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இருக்கும் முதலியார்குப்பம். படகு சவாரிக்குப் போவோமே, அந்த முதலியார்குப்பம் இல்லை. இது விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்தில் உள்ளது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். சின்ன வகுப்புக்குப் பிளஸ் டூ முடித்திருந்தால் போதுமாக இருந்தது, ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டப்படிப்பு வேண்டியிருந்தது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள், சுமார் இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அப்போது நடந்தது. செய்த வேலைக்கு அந்தத் தொகை குறைவு என்பதே என் எண்ணம்.

ஏனென்றால் அது லேசான வேலை இல்லை. 42-இல் 17 போனால் மீதி என்ன என்று கேட்டுப் பாருங்கள். 35 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ‘தப்பு’ என்று சிவப்புக் கோடு போட ஒரு நொடி போதும். எப்படி வந்தது என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்: ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது, நாலிலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறது. எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று அது ஒரு விதியே வைத்திருக்கிறது! அங்கே வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிப் பயனில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். பன்னிரண்டிலிருந்து ஏழை எடுத்தால் ஐந்து, மீதமுள்ள மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு. 25.

வாசிப்பும் அப்படியே. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. பெரியவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைக்கு இது பெரிய முட்டுக்கட்டை. ‘மக்கு’ என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் வாயே திறக்காது.

இதையெல்லாம் பி.எட். படித்தவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி உதவும், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து, அது மூன்றாம் வகுப்பாகவே இருந்தாலும் ஒன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து கூச்சமில்லாமல் தொடங்குகிற பொறுமைதான் முதல் தகுதி.

கேட்டுக்கொண்டிருக்கும் தங்கைகளே, தம்பிகளே, படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறீர்களா? உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரை ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று அவருக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளோடு தொடங்குங்கள்.